சென்னைப் பழநகரின் தெருப்பெயர்களும் தெருவாழ்க்கையும்

1. முன்னுரை

ஊர்ப்பெயராய்வு தமிழில் வேரூன்றி வளர்ந்த துறைகளுள் ஒன்று. பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூல் அத்துறைக்குக் கால்கோள் செய்தது எனலாம். அதன்பின் ஊர், ஆறு, மலை முதலியவற்றின் பெயர்களை ஆராய்ந்தோர் பலர். ஆயின், ஊரின் உறுப்பாகிய தெருவின் பெயர் அத்துணைக் கருத்தைப் பெறவில்லை. ஊர்ப்பெயர் கல்வெட்டில் பொறிக்கப்படும், பதிகத்தில் பாடப்படும். தெருப்பெயரோ பெரும்பாலும் அவ்வூரார் நாவிலும், வணிகர் கணக்கேட்டிலும், அஞ்சல் முகவரியிலும் வாழ்வது. ஆதலின் அது எளிதில் மறையும் இயல்பினது.

ஜார்ஜ் டவுன் என வழங்கும் சென்னைப் பழநகரின் தெருப்பெயர்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை அப்பகுதி மக்களின் அன்றாட வாழ்க்கையை எவ்வாறு உணர்த்துகின்றன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தொழில் ஒரு தெருவை விட்டு நீங்கியபின் அதன் பெயர் யாது செய்கிறது, பெயரும் நீங்கின் எஞ்சுவது யாது என்பவையே ஈண்டு எழும் வினாக்கள்.

2. இலக்கியம் காட்டும் தெரு

தொழிலாலும் விற்பனைப் பொருளாலும் தெருக்களைப் பாகுபடுத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக்கிக் காட்டுகிறது. கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்தில் பண்டசாலைகளும் யவனர் இருக்கைகளும் வேற்றுநாட்டு வணிகர் இருக்கைகளும் இருந்தன. சுண்ணமும் சாந்தும் பூவும் விற்போர் திரியும் வீதி, நெய்வோர் இருக்கை, பவளமும் முத்தும் பொன்னும் குவிந்த மறுகு, கூலவீதி, பிட்டும் அப்பமும் விற்போர் இருப்பிடம் என அப்பகுதி தொழில்தோறும் பிரிந்து கிடந்தது. இரு பாக்கங்கட்கும் இடையில் மரநிழலில் நாளங்காடி கூடிற்று. மதுரைக்காஞ்சி நாளங்காடியோடு அல்லங்காடியையும் கூறி, ஒரே நகரம் பகலில் ஒரு கோலமும் இரவில் வேறொரு கோலமும் கொள்வதை விளக்குகிறது.

இச்செய்திகளை நாம் வணிகச் செழிப்பின் வருணனையாகவே படித்துவிடுகிறோம். ஆனால், பொருளின் பெயர் தெருவுக்கு ஆகிவரும் முறையை அறிவதற்கும் அவையே முதற்சான்று. கூலம் விற்கும் வீதி கூலவீதியாயிற்று. பவளம் விற்கும் தெரு பவளக்காரத் தெருவாயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே பல நூற்றாண்டுகள் கடந்திருப்பினும் பெயரிடும் மனம் ஒன்றே. புகாரும் சென்னையும் ஒரே தன்மையன எனக் கூறுதல் நம் கருத்தன்று. ஒன்று அரசனது துறைமுகம். மற்றொன்று அயல்நாட்டு வணிகக் குழுவினர் கோட்டைகட்டி வளர்த்த ஊர். பெயரிடும் முறையின் தொடர்ச்சி ஒன்றே ஈண்டுக் கருதத்தக்கது.

3. பழநகரின் அமைப்பு

புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் விளங்கும் இடத்தை ஒட்டி, முதற் 'கறுப்பர் நகரம்' இருந்தது. 1746ஆம் ஆண்டு பிரஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். அதன்பின் வந்த ஆண்டுகளில், கோட்டையின் காவலைக் கருதி, அந்நகர் இடிக்கப்பட்டு வெளியாக்கப்பட்டது. அவ்வெளியில் இனி எவரும் வீடு கட்டலாகாது என எல்லை காட்டும் தூண்கள் 1773இல் நிறுவப்பெற்றன. அவற்றுள் ஒன்றைப் பாரிமுனையில் இன்றும் காணலாம். குடியிழந்த மக்கள் வடபாலுள்ள பேட்டைகளில் நெருங்கி வாழலாயினர். அப்பேட்டைகளின் தொகுதியே 1906இல், பின்னர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி, ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்றது.

பேட்டைகளுள் தலைமையானவை இரண்டு. கிழக்கே கடலை அடுத்தது முத்தியாலுப்பேட்டை. மேற்கே அமைந்தது பெத்தநாயக்கன்பேட்டை. 'முத்தியாலு' என்பது தெலுங்கில் முத்துக்கள் எனப் பொருள்படும். 'பெத்த' என்பதும் தெலுங்கே. பெரிய என்பது அதன் பொருள். நகர்க்காவலைப் பரம்பரையாக ஏற்றிருந்த பெத்தநாயக்கர் பெயரால் அப்பேட்டை அமைந்தது. இரண்டிற்கும் இடையே கிடந்த தாழ்ந்த நிலம் ஆட்டப்பள்ளம் எனப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பம் என்னும் ஆங்கிலேயர் அப்பள்ளத்தைத் திருத்திப் பெருந்தெருவாக்கினார், அதுவே பிராட்வே. ஆந்திரத் தலைவர் பிரகாசம் பெயரால் அஃது இன்று பிரகாசம் சாலை எனப்படினும், மக்கள் நாவில் பிராட்வேயாகவே நிற்கிறது. ஆட்டப்பள்ளம் என்னும் பெயரோ ஆய்வாளர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாததாயிற்று. ஒரே நிலத்தின் மீது மூன்று பெயர்கள் படிந்துள்ளமை கருதத்தக்கது.

4. தொழிலும் பொருளும் தந்த பெயர்கள்

பவளக்காரத் தெரு முத்தியாலுப்பேட்டையைச் சார்ந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக்கடற் பவளத்தை ஐரோப்பியர் சென்னைக்குக் கொணர்ந்து, அதற்கு ஈடாக வைரம் பெற்றுச் சென்றனர். அவ்வணிகத்தில் யூதர்க்குச் சிறப்பான பங்கு இருந்தது. பவள வணிகம் நீங்கிய பின்னரும் தெருப்பெயர் நீங்கவில்லை. பிரம்புக்கடைத் தெரு, பூக்கடை, துறைமுகத்தை உணர்த்தும் பந்தர்த் தெரு முதலியனவும் இவ்வகையின.

கொத்தவால் சாவடி தனியே ஆராயத்தக்கது. கொத்தவால் என்பது நகர்க்காவலும் அங்காடி மேற்பார்வையும் உடைய அலுவலரைக் குறிக்கும் பாரசீகச் சொல். அலுவலர் மறைந்தார், அவர் பெயர் காய்கனி அங்காடிக்கு ஆயிற்று. நகரம் முழுமைக்கும் காய்கனி வழங்கிய அவ்வங்காடி 1996ஆம் ஆண்டு கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. அங்காடியும் சென்றபின், அலுவலரின் பெயர் இடத்தின் பெயராக மட்டும் எஞ்சியுள்ளது. இங்ஙனம் ஒரு சொல் ஆளைக் குறித்து, அங்காடியைக் குறித்து, பின் வெறும் இடத்தைக் குறித்து நிற்றல், ஆகுபெயரின் படிகளை மாணவர்க்கு விளக்க ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

வால்டாக்ஸ் சாலையின் பெயர் இதனினும் வியப்பானது. ஐதரலியின் படையெடுப்புக்குப்பின் பழநகரின் மேற்கும் வடக்கும் மதில் எழுப்பப்பட்டது. அதன் செலவுக்காக மக்கள்மீது வரி விதிக்கக் கருதினர். ஆயின் அவ்வரி தண்டப்படவே இல்லை என்பர். மதிலும் பெரும்பகுதி மறைந்தது. தண்டாத வரியின் பெயர் மட்டும் ஒரு சாலையின் பெயராய் நிலைத்துவிட்டது. அதற்கு வ. உ. சி. சாலை எனப் பெயர் சூட்டிய பின்னரும் சுமைவண்டிக்காரர் வாயில் அது வால்டாக்ஸ்தான்.

அண்மைக் காலத்தும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. பர்மாவிலிருந்து மீண்ட தமிழர் பிழைப்பதற்கெனக் கடற்கரை நிலையத்தை அடுத்துக் கடைகள் 1969இல் ஏற்பட்டன. அவ்வரிசை பர்மா பஜார் எனப்பட்டது. அங்குப் பின்னர் அயல்நாட்டுப் பொருள்களும் மின்னணுக் கருவிகளும் விற்கப்படலாயின; விற்கும் பொருளில் பர்மாவின் தொடர்பு இல்லை. ஆயினும் பெயரில் அம்மக்களின் வரலாறு உள்ளது. அருகிலுள்ள தெருக்களில் மாலைதோறும் விற்கப்படும் 'அத்தோ' என்னும் பர்மிய உணவும் அவ்வரலாற்றிற்குச் சான்று பகர்கிறது.

5. நாவழக்கில் நேர்ந்த திரிபுகள்

அயற்சொல்லைக் கேட்கும் மக்கள் அதனைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிப் பொருள் கொள்வதுண்டு. மொழிநூலார் இதனை மக்கட் சொற்பிறப்பு என்பர். பழநகரில் இதற்கு நல்ல சான்றுகள் உள்ளன.

அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. அது ஆர்மீனியர் வாழ்ந்த தெரு. அவர்களுடைய புனித மரியன்னை ஆலயம் 1772இல் கட்டப்பெற்று இன்றும் அங்குள்ளது. உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் வெளியாயிற்று. 'ஆர்மீனியன்' என்னும் சொல்லின் ஒலி தமிழர் செவியில் 'அரண்மனை'யாயிற்று. அதனோடு 'காரர்' என்னும் ஈறு சேர்ந்தது. ஆர்மீனியர் இங்கு அருகிவிட்டனர். இன்று அத்தெருவிற்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பெருந்திரளாக வருவோர் அந்தோணியார் கோயிலை நாடும் பல சமயத்தார்.

தங்கசாலையும் இத்தகையதே. நாணயம் அடிக்கும் இடத்தை உணர்த்தும் 'டங்கசாலை' என்னும் வடசொல் தமிழில் தங்கசாலையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு நாணயச்சாலை இருந்தது. நாணயம் அடித்தல் நின்றபின், சொல்லின் முதலிற் பொன்னைக் கண்டனர் மக்கள். பாரிமுனை என்பது, 1788இல் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரால் அமைந்தது; ஆயினும் பறம்பின் கோமானை அறிந்த தமிழ்ச் செவிக்கு அஃது அயற்பெயராகத் தோன்றுவதில்லை.

கோடவுன் தெருவின் பெயர் வேறு வகையது. கிடங்கு என்னும் திராவிடச் சொல் மலாய் மொழியில் 'குடாங்' ஆகி, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகி, மீண்டும் சென்னைத் தெருவில் வந்து குடியேறியது என்பது அறிஞர் பலர் கருத்து. கடல்கடந்து சென்ற சொல் உருமாறி மீள, நாம் அதனை அயற்சொல்லெனக் கொண்டு, பின்னர்க் கிடங்குத் தெரு என மொழிபெயர்த்தும் வழங்குகிறோம். இன்று அத்தெரு துணிவணிகத்திற் சிறந்தது.

இத்திரிபுகளைப் பிழையென்று தள்ளுதல் கூடாது. அவை, பல மொழியினர் தோளுரசி வாழ்ந்த தெருவில் தமிழ் தன்னை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதைக் காட்டும் சான்றுகள்.

6. தெருவும் தமிழ் நூலும்

தமிழ் இலக்கிய வரலாற்றுக்கும் இத்தெருக்களுக்கும் உள்ள தொடர்பு நெருங்கியது. 1858ஆம் ஆண்டுவரை சென்னையில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியிருந்தார். கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். ஏழுகிணறு என்னும் பெயர், 1772இல் கோட்டைக்கு நீர் வழங்குவதற்கு அமைந்த கிணறுகளால் வந்தது. ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன அச்சுக்கூடம் தங்கசாலைத் தெருவில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்பேடுகளைப் புரட்டுவோர் இத்தெருப்பெயர்களை மீண்டும் மீண்டும் காண்பர். பதிப்பாசிரியர் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளும் நாம் தெருப்பெயரை விட்டுவிடுகிறோம். அதனையும் குறித்துக்கொள்வோமாயின், எத்தெருவில் எக்காலத்தில் எவ்வெழுத்து வடிவில் அப்பெயர் வழங்கியது என்பதற்கு ஆண்டு குறித்த சான்று கிடைக்கும்.

கற்றோர் நூல்கள் ஒருபுறமாக, குஜிலிக் கடைகளில் காலணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் மற்றொருபுறம் நின்றன. குஜிலி என்பது மாலைநேரத்தில் கூடும் அங்காடி. அல்லங்காடியின் வழித்தோன்றல் எனலாம். வெள்ளம், கொலை, புகைவண்டி விபத்து, விலைவாசி ஆகியன அப்பாட்டுக்களின் பொருள். அவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலில் (2004) ஆராய்ந்துள்ளார். 'முச்சந்தி' என்னும் சொல்லே, இலக்கியம் பிறந்த இடம் தெரு என்பதை உணர்த்துகிறது.

7. அன்றாட வாழ்க்கையின் மாற்றம்

தெருவின் மாற்றத்தை ஊர்தியைக் கொண்டு அளத்தல் எளிது. 1895இல் ஓடத்தொடங்கிய மின்சார டிராம் 1953இல் நின்றது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது. வெளியூர்ப் பேருந்துகள் 2002இல் கோயம்பேட்டிற்குச் சென்றன. 2019இல் மெட்ரோ தொடர்வண்டி மண்ணடிக்கும் உயர்நீதிமன்றத்திற்கும் நிலத்தடியில் வந்தது. இவற்றுள் ஒவ்வொன்றும் தெருவில் நிற்போர் தொகையையும், அவர் நிற்கும் நேரத்தையும், அவரை நம்பிப் பிழைக்கும் சிறுகடைகளையும் மாற்றியது.

ஆயினும் மாறாதவையும் உள. ஒரு தெருவில் ஒரே பொருளை விற்கும் கடைகள் கூடியிருத்தல் என்னும் பழைய முறை இன்றும் இங்கு நிலவுகிறது. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும், தேவராச முதலித் தெருவில் கண்ணாடியும், நயினியப்ப நாயக்கன் தெருவில் வேதிப்பொருளும் மருத்துவக் கருவியும் கிடைக்கின்றன. வாங்குவோன் கடையின் பெயரை அறிய வேண்டுவதில்லை. தெருவின் பெயரை அறிந்தாற் போதும். 'ஆண்டர்சன் தெருவுக்குப் போ' என்றால் 'அழைப்பிதழ் அச்சிடு' என்பதே பொருள். இங்குத் தெருப்பெயர் மீண்டும் பொருட்பெயராகிறது. முன்னர்ப் பொருளால் தெரு பெயர் பெற்றது. இன்று தெருவால் பொருள் அறியப்படுகிறது.

தெருவின் நேரப் பகுப்பும் கருதத்தக்கது. வைகறையில் பூக்கட்டுவோரும் பால்விற்போரும், காலையில் சுமை தூக்குவோரும் கைவண்டி தள்ளுவோரும், நண்பகலில் வெளியூர் வணிகரும், மாலையில் நடைபாதைக் கடையினரும் ஒரே தெருவைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். மாட்டுவண்டியின் இடத்தை மீன்பாடி வண்டி கொண்டது. கீழ்த்தளத்தில் கடையும் மேல்தளத்தில் குடியுமாக இருந்த வீடுகளில், மேல்தளமும் சரக்கறையாகி வருகிறது. திண்ணை கடைமுகப்பாயிற்று. குடியிருப்போர் நீங்கிய தெருவில் கோலம் இடுவாரும் இல்லை. இரவில் தெருப்பெயரைச் சொல்வாரும் இல்லை. பெயர் நிலைபெறுவதற்குப் பலகை மட்டும் போதாது. அத்தெருவில் பிறந்து வளர்வோர் நா வேண்டும்.

8. பலகைப்பெயரும் நாப்பெயரும்

தெருப்பெயர் மாற்றம் குறித்த வினா இன்று ஆட்சித்துறையில் உயிருள்ளதாய் நிற்கிறது. பழநகரின் தெருக்களுட் பல வணிகர் பெயரால் அமைந்தவை; தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி, கோவிந்தப்ப நாயக்கன் என அப்பெயர்கள் சாதிப் பின்னொட்டோடு வழங்குகின்றன. 1970களின் இறுதியில் தமிழக அரசு பின்னொட்டுக்களை நீக்க முற்பட்டது. பலகையில் அவை அழிந்தன. மக்கள் நாவிலும் வணிக முகவரியிலும் அழியவில்லை. 2025 ஏப்ரலில், வசைப்பொருள் ஏறிவிட்ட 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில், தெரு, சாலை, நீர்நிலை முதலியவற்றின் சாதிப் பெயர்களை நீக்குவதற்கு ஆணை பிறப்பித்தது.

இம்மாற்றத்தைத் தமிழாய்வாளர் எவ்வாறு நோக்குதல் தகும்? பழமை என்னும் ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு பெயரைக் காத்தல் வேண்டும் என்பது பொருந்தாது. ஒருவன் தன் முகவரியை எழுதுந்தோறும் இழிவை எழுத நேருமாயின், அப்பெயர் வரலாற்றுச் சின்னமன்று. நாள்தோறும் புதுப்பிக்கப்படும் புண். பெயர் எவ்வளவு தற்செயலாக அவ்விழிவைப் பெறக்கூடும் என்பதற்குப் பழநகருக்கு வெளியேயுள்ள ஒரு பாலம் சான்றாகும். ஹாமில்டன் என்னும் ஆங்கிலப் பெயர் மக்கள் நாவில் 'அம்பட்டன்' எனத் திரிந்து, அம்பட்டன் வாராவதியாகி, அதனை மீண்டும் மொழிபெயர்த்த ஆங்கிலேயர் நாவிதர் பாலம் என்றனர் என்பர். இன்று அஃது அம்பேத்கர் பாலம். அரண்மனையைப் படைத்த அதே மக்கட் சொற்பிறப்பு ஒரு சாதிப் பெயரையும் படைத்துவிட்டது.

எனவே, மாற்றத்தைத் தடுத்தல் நம் கடமையன்று. மாறுவதற்கு முன் பதிவு செய்தலே நம் கடமை. வழங்குதல் வேறு, பதிதல் வேறு. வழக்கிலிருந்து நீங்கத்தக்க பெயரும் ஆவணத்தில் இருத்தற்குரியது. அன்றேல், இழிவு இழைக்கப்பட்டது என்பதற்கும் சான்று இல்லாதொழியும். ஆட்டப்பள்ளத்திற்கு நேர்ந்த கதி பிற பெயர்கட்கும் நேர்தல் கூடாது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாகும். பொருளால் தெருவுக்குப் பெயரிடும் முறை புகார்க் காலந்தொட்டுத் தொடர்வது. தொழிலும் குடியும் நீங்கியபின் அவற்றின் சான்றாகத் தெருப்பெயரே எஞ்சுகிறது. அயற்பெயர்களைத் தமிழாக்கிக்கொண்ட நாவழக்கு, எழுதப்படாத மொழிவரலாறு. பலகைப்பெயர் ஆணையால் மாறும். நாப்பெயர் வாழ்வோர் மாறும்போதே மாறும்.

இவற்றுள் இறுதியிற் கூறியதே விரைவை வேண்டுவது. பலகைப்பெயர்கள் மாநகராட்சி ஏட்டில் உள்ளன. அவற்றைப் பின்னரும் தேடலாம். சந்தின் பெயர், முடுக்கின் பெயர், கடைக்காரர் தமக்குள் வழங்கும் குறுக்கப் பெயர் ஆகியன எந்த ஏட்டிலும் இல்லை. அப்பெயர்களைச் சொல்லும் முதியோர் பேட்டையைவிட்டு நீங்கிவருகின்றனர். தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதன் பலகைப்பெயர், நாப்பெயர், பழைய நூல் முகப்பேட்டில் காணும் பெயர், அங்கு நடந்ததும் நடப்பதுமாகிய தொழில் ஆகிய நான்கினையும் தொகுப்பாராயின், சில ஆண்டுகளில் பழநகரின் தெருப்பெயர் அகராதி உருவாகும். கூலவீதியை நாம் இன்று அறிவது, ஒரு புலவர் அதனைக் கேட்டு எழுதிவைத்தமையால்தான். கொத்தவால் சாவடியின் சந்துகளுக்கும் அத்தகைய எழுத்து வேண்டும்.